ஸ்வாப் நிரம்பிக் கிடக்கிறது, ரேம் காலியாக இருக்கிறது: எதைத் திருத்துவது?

கேள்வி சுருக்கமாக இது: 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள வீட்டுக் கணினியில் லினக்ஸ் ஓடுகிறது. 2 ஜிபி ஸ்வாப் கோப்பு (ரேமிலிருந்து வெளியேற்றும் தரவை வைக்க டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்) முழுக்க நிரம்பியதாகக் காட்டுகிறது, ஆனால் ரேமில் 3 ஜிபி காலி. பிரவுசரில் டேப்கள் கூடும்போது சில சமயம் மொத்தக் கணினியும் உறைந்துவிடுகிறது. ஸ்வாப்பைக் கூட்டுவதா, அடியோடு நிறுத்திவிடுவதா? தவிர, பயன்படுத்தாமல் கிடந்த பழைய ஸ்வாப் பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்த நாளிலிருந்து கணினி துவங்க ஒன்றரை நிமிடம் கூடுதலாக ஆகிறது. அது ஏன்?

மூன்றையும் ஒரே நோயாகப் பார்ப்பதால்தான் குழப்பம். ஸ்வாப் நிரம்பி நிற்பது கோளாறே அல்ல. உறைவது உண்மையான கோளாறு. ஸ்வாப்பை நிறுத்தினால் அது பெரும்பாலும் இன்னும் மோசமாகும். துவங்கும்போது போகிற ஒன்றரை நிமிடத்துக்கும் நினைவகத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு கோப்பில் ஒரு வரி பழசாகிப்போனதுதான் காரணம். கீழே கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். அமைப்பை மாற்றும் கட்டளைகளுக்கு முன்னால் ‘சூடோ’ சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிரம்பிய ஸ்வாப் ஏன் நிரம்பியே கிடக்கிறது

சாதாரண வீட்டுக் கணினியில் லினக்ஸின் மைய நிரலான கர்னல் ரேமை 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரித்துக் கையாள்கிறது. அவற்றில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கிற கோப்புகளின் நகல்: நிரல்களின் குறியீடு, லைப்ரரிகள், திறந்து படித்த கோப்புகள். இடம் தேவைப்பட்டால் இவற்றை அப்படியே தூக்கி எறியலாம், வேண்டும்போது மறுபடி படித்துக்கொள்ளலாம். மற்றது, நிரல் ஓடும்போது தானாக உருவாக்கிய தரவு: பிரவுசர் டேப்பின் உள்ளடக்கம், நீங்கள் இன்னும் சேமிக்காத படத்தின் பிக்ஸல்கள். இதற்கு டிஸ்க்கில் சொந்த வீடு கிடையாது. அந்த வீடுதான் ஸ்வாப்.

ஸ்வாப்பே இல்லாவிட்டால் இரண்டாம் வகைப் பக்கங்கள் ரேமில் ஆணி அடித்தமாதிரி உட்கார்ந்துவிடும். காலையில் திறந்து மறந்துபோன ஜன்னலின் தரவுகூட நகராது. நெருக்கடி வந்தால் கர்னலால் எறிய முடிந்தது முதல் வகை மட்டும். அதில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் குறியீடும் அடக்கம். எறிவது, அடுத்த நொடியே தேவைப்பட்டு டிஸ்க்கிலிருந்து படிப்பது, மறுபடி எறிவது என்று சுற்றும். ஸ்வாப்பை நிறுத்தியவர்களின் கணினியும் டிஸ்க் விளக்கு எரிய எரிய உறைவதற்கு இதுதான் காரணம். “ரேம் போதுமான அளவு இருக்கிறது, ஸ்வாப் எதற்கு” என்ற அறிவுரை இந்த இடத்தில்தான் இடறுகிறது.

உங்கள் கணினியில் நடந்தது இப்படி இருக்கும்: ஒரு கட்டத்தில் ரேம் இறுகியது, அதிகம் தொடப்படாத 2 ஜிபி அளவுப் பக்கங்கள் ஸ்வாப்புக்குப் போயின. பிறகு சில டேப்களை மூடினீர்கள், ரேமில் 3 ஜிபி விடுபட்டது. போன பக்கங்களை யாரும் கேட்கவில்லை. கேட்காததை கர்னல் தானாகத் திரும்பக் கொண்டுவருவதில்லை. கேட்டு ரேமுக்கு வந்த பக்கங்களுக்குக்கூட ஸ்வாப்பில் உள்ள நகல் சில நேரம் அழிக்கப்படாமல் இருக்கும், அடுத்த முறை மீண்டும் எழுதும் வேலை மிச்சம் என்பதற்காக. ‘ப்ராக்’ அடைவில் உள்ள ‘மெம்இன்ஃபோ’ கோப்பில் ‘ஸ்வாப்கேஷ்டு’ என்ற வரி காட்டுவது இதைத்தான்.

ஆக, ‘ஃப்ரீ’ கட்டளை காட்டும் நிரம்பல் கணக்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அந்தப் பட்டியலிலேயே பார்க்க வேண்டிய பத்தி ‘ஃப்ரீ’ அல்ல, ‘அவைலபிள்’ (எறியக்கூடிய நகல்களையும் கணக்கில் சேர்த்து, நிரல்களுக்குக் கிடைக்கக்கூடிய அளவு). ஸ்வாப்பைப் பொறுத்தவரை பார்க்க வேண்டியது போக்குவரத்து.

போக்குவரத்தைப் பார்ப்பது

கணினி மந்தமாக இருக்கும் நேரத்திலேயே டெர்மினலில் ‘விஎம்ஸ்டாட் 1’ என்று ஓடவிடுங்கள். நொடிக்கு ஒரு வரி வரும். முதல் வரி கணினி துவங்கியதிலிருந்து இதுவரையான சராசரி, அதை விட்டுவிடுங்கள். ‘எஸ்ஐ’ என்ற பத்தி ஸ்வாப்பிலிருந்து ரேமுக்கு வருவது, ‘எஸ்ஓ’ ரேமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவது. இரண்டும் நொடிக்கு இத்தனை கேபி என்ற கணக்கு. அரை நிமிடம் பார்த்தால் போதும்.

இரண்டும் 0 என்றால் மந்தத்துக்கும் ஸ்வாப்புக்கும் தொடர்பில்லை, வேறு இடத்தில் தேடுங்கள். ‘எஸ்ஓ’ சில நொடி எகிறிப் பிறகு அடங்கினால் அது ஆரோக்கியமான வேலை, கர்னல் தூசு தட்டுகிறது. இரண்டு பத்திகளும் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் நின்று ஓடினால்தான் ஆபத்து: இப்போதுதான் வெளியே அனுப்பிய பக்கத்தை உடனே திரும்பக் கேட்கிறார்கள் என்று பொருள். வேலைக்குத் தேவையான தரவு ரேமைவிடப் பெரிதாகிவிட்டது. அந்த நிலையில் ஸ்வாப்பை 2-லிருந்து 20 ஜிபி ஆக்கினாலும் வேகம் கூடாது, தவிப்பு நீளும்.

4.20 முதலான கர்னல்களில் இன்னும் நேரடியான அளவு உண்டு. ‘ப்ராக்’ அடைவுக்குள் ‘ப்ரஷர்’, அதற்குள் ‘மெமரி’ என்ற கோப்பைப் படியுங்கள். ‘ஃபுல்’ எனத் தொடங்கும் வரியில் ‘ஏவிஜி10’ என்பது, கடைசி 10 நொடிகளில் எத்தனை சதவீத நேரம் எல்லா வேலைகளும் ஒட்டுமொத்தமாக நினைவகத்துக்காகக் காத்து நின்றன என்பதைச் சொல்லும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நிம்மதி. இரட்டை இலக்கம் வந்தால் மவுஸ் திக்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சில லினக்ஸ் விநியோகங்களில் இந்தக் கோப்பு இருக்காது; கர்னல் அளவுருவில் ‘பிஎஸ்ஐ=1’ சேர்த்தால் வந்துவிடும் (சேர்க்கும் இடம் கீழே ஸெட்ஸ்வாப் பற்றிய பத்தியில்).

யார் சாப்பிடுகிறார்கள் என்று அறிய ‘டாப்’ ஓடும்போது ‘எஃப்’ விசையை அழுத்துங்கள். வரும் பட்டியலில் ‘ஸ்வாப்’ வரிக்குப் போய் ஸ்பேஸ்பார் தட்டினால் அந்தப் பத்தி சேரும், ‘எஸ்’ தட்டினால் அதன்படி வரிசைப்படும், ‘க்யூ’ அடித்தால் பழைய திரைக்குத் திரும்பும். எல்லா நிரல்களையும் கூட்டினாலும் ஸ்வாப் அளவுக்கு வரவில்லையா? அப்போது ‘டிஎம்பி’ அடைவைப் பாருங்கள். ஃபெடோரா, டெபியன் 13 போன்றவற்றில் அந்த அடைவு டிஸ்க்கில் இல்லை, ரேமில் இருக்கிறது. அங்கே 3 ஜிபி வீடியோ ஒன்று மறந்து கிடந்தால் அது ரேமையும் ஸ்வாப்பையும் தின்னும், ஆனால் எந்த நிரலின் பெயரிலும் தெரியாது. ‘ஃப்ரீ’ பட்டியலில் ‘ஷேர்டு’ பத்தி வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாக இருப்பதுதான் துப்பு. கோப்பை அழித்தால் அப்போதே இடம் வந்துவிடும்.

எவ்வளவு வைப்பது

ரேமின் இரு மடங்கு என்ற கணக்கு, ரேமை எம்பியில் எண்ணிய காலத்தது. இன்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. என் அளவுகோல்: ரேம் 4 அல்லது 8 ஜிபி என்றால் 4 ஜிபி ஸ்வாப், 16-உம் அதற்கு மேலும் என்றால் 2 முதல் 4 ஜிபி. ஹைபர்நேட் (ரேமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டுக் கணினியை அணைப்பது) செய்ய வேண்டும் என்றால் மட்டும் ரேம் அளவும் அதற்குமேல் கொஞ்சமும். வீடியோ எடிட்டிங், பெரிய மென்பொருளைக் கம்பைல் செய்வது போன்ற வேலைகள் இருந்தால் 8 வரை போகலாம்.

பழைய ஹார்ட் டிஸ்க் மட்டும் இருந்தால் பெரிய ஸ்வாப் கேடு. காரணம் கணக்கிலேயே தெரியும். அதன் முள் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போய்ப் படிக்கச் சுமார் 10 மில்லிநொடி ஆகிறது. நொடிக்கு 100 பக்கம், அதாவது 400 கேபி. சிதறிக் கிடக்கும் 1 ஜிபி, 2,62,144 பக்கங்கள்; ஒவ்வொன்றாக எடுத்தால் 40 நிமிடத்துக்கு மேல். கர்னல் பொதுவாக அக்கம்பக்கத்து 8 பக்கங்களைச் சேர்த்தே படிக்கும் என்பதால் நடைமுறையில் இத்தனை மோசமில்லை, ஆனாலும் உறைந்த கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. எஸ்எஸ்டியில் இதே வேலை ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 0.1 மில்லிநொடி.

எஸ்எஸ்டி தேய்ந்துவிடுமே என்ற பயம் வழக்கமாக வரும். 500 ஜிபி எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு 300 டிபி எழுதும் வரை உத்தரவாதம் தருகிறார்கள். தினம் 10 ஜிபி ஸ்வாப்புக்கு எழுதினாலும் ஆண்டுக்கு 3.65 டிபி. மீதியை நீங்களே வகுத்துக்கொள்ளலாம். தினம் 10 ஜிபிக்கு மேல் ஸ்வாப்புக்குப் போனால் உங்களுக்கு வேண்டியது புது ரேம், புது எஸ்எஸ்டி அல்ல.

2 ஜிபி கோப்பை 4 ஜிபி ஆக்குவது

ஓடிக்கொண்டிருக்கும் ஸ்வாப் கோப்பை நேரடியாகப் பெரிதாக்க முயன்றால் ‘டெக்ஸ்ட் ஃபைல் பிஸி’ என்று மறுத்துவிடும். முதலில் ‘ஸ்வாப்ஆன் --ஷோ’ அடித்துக் கோப்பின் பாதையைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வேர் அடைவில் ‘ஸ்வாப்ஃபைல்’ என்று இருக்கும். பிறகு ‘ஸ்வாப்ஆஃப்’, ஒரு இடைவெளி, அந்தப் பாதை. இது ஸ்வாப்பில் உள்ள எல்லாவற்றையும் ரேமுக்கு இழுக்கும், எனவே ‘அவைலபிள்’ அளவு ஸ்வாப்பில் இருப்பதைவிடத் தாராளமாக அதிகமாக இருக்க வேண்டும். உங்களிடம் 2-க்கு 3 இருக்கிறது, போதும். ‘கேனாட் அலொகேட் மெமரி’ என்று சொன்னால் பிரவுசரை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள். சில நிமிடம் பிடிக்கலாம்; பதறி இடையில் நிறுத்த வேண்டாம்.

கோப்பை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். ‘டிடி’ கட்டளையில் ‘ஐஎஃப்’ மதிப்பாக ‘டெவ்’ அடைவின் ‘ஸீரோ’, ‘ஓஎஃப்’ மதிப்பாகக் கோப்பின் பாதை, ‘பிஎஸ்’ மதிப்பு 1எம் (எம் மட்டும் பெரிய எழுத்து), ‘கவுன்ட்’ மதிப்பு 4096. இது 4096 முறை 1 எம்பி, அதாவது 4 ஜிபி பூஜ்யங்களை உண்மையாகவே எழுதும். ‘ஓஎஃப்’ மதிப்பை இரண்டு முறை படித்த பிறகே என்டர் தட்டுங்கள். அங்கே தவறுதலாக டிஸ்க்கின் பெயர் விழுந்தால், எந்தக் கேள்வியும் கேட்காமல் முதல் 4 ஜிபியை அழித்துவிடும்.

‘ஃபால்லொகேட்’ இதைவிட வேகம், ஒரு நொடியில் முடியும். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் அது சரியாக வேலை செய்யும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையில் பழைய கர்னல்கள் அப்படி உருவான கோப்பை ஏற்பதில்லை. ‘ட்ரன்கேட்’ மட்டும் எங்கும் வேண்டாம். அது அளவை மட்டும் எழுதிவிட்டு உள்ளே இடம் ஒதுக்காமல் ஓட்டையாக விடும். கர்னல் ஸ்வாப் கோப்பின் துண்டுகள் டிஸ்க்கில் எங்கெங்கே இருக்கின்றன என்று ஸ்வாப்ஆன் நேரத்திலேயே குறித்துக்கொண்டு, பிறகு கோப்பு முறைமையிடம் கேட்காமல் நேராக அங்கே எழுதுகிறது. ஓட்டைக்கு முகவரி கிடையாது. ‘இட் அப்பியர்ஸ் டு ஹேவ் ஹோல்ஸ்’ என்ற மறுப்பின் பொருள் அதுதான்.

அடுத்து ‘சிஹெச்மாட் 600’ கொடுத்து மற்றவர்கள் படிக்க முடியாதபடி செய்யுங்கள். விட்டுவிட்டால் ‘இன்செக்யூர் பெர்மிஷன்ஸ்’ என்ற எச்சரிக்கை வரும், ஆனாலும் ஸ்வாப் இயங்கும். அதனாலேயே பலர் கண்டுகொள்வதில்லை. நினைவகத்தில் இருந்த கடவுச்சொற்கள் இந்தக் கோப்பில் வந்து விழும் என்பதை யோசித்தால் கண்டுகொள்வீர்கள். பிறகு ‘எம்கேஸ்வாப்’, கடைசியாக ‘ஸ்வாப்ஆன்’. எம்கேஸ்வாப்பைத் தாண்டிக் குதித்தால் ‘ரீட் ஸ்வாப் ஹெடர் ஃபெயில்ட்’ என்று நிற்கும். ஸ்வாப்பின் அளவு அந்தத் தலைப்பில்தான் பதிவாகிறது. கோப்பை மட்டும் நீட்டி எம்கேஸ்வாப்பை மறுபடி ஓட்டாவிட்டால் பழைய 2 ஜிபியே தொடரும்.

மறுதுவக்கத்துக்குப் பிறகும் நிலைக்க ‘ஈடிசி’ அடைவில் ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் (துவங்கும்போது எந்தெந்த டிஸ்க் பகுதிகளை இணைப்பது என்ற பட்டியல்) ஒரு வரி வேண்டும்: கோப்பின் பாதை, ‘நன்’, ‘ஸ்வாப்’, ‘டிஃபால்ட்ஸ்’, 0, 0. உங்களிடம் இந்த வரி ஏற்கெனவே இருக்கும், பாதை மாறாததால் தொட வேண்டாம். மாற்றியிருந்தால் ‘ஃபைன்ட்எம்என்டி --வெரிஃபை’ ஓட்டிப் பிழை பாருங்கள். ‘ஸ்வாப்ஆஃப் -ஏ’, பிறகு ‘ஸ்வாப்ஆன் -ஏ’ கொடுத்தால் மறுதுவக்கம் இல்லாமலே அந்த வரியைச் சோதித்துவிடலாம்.

பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் மேலே சொன்ன வழி பலிக்காது. அங்கே 5.0 கர்னலிலிருந்துதான் ஸ்வாப் கோப்பே அனுமதி, அதுவும் எழுதும்போது நகலெடுக்கும் வசதியும் சுருக்கமும் அணைந்த கோப்பாக இருந்தால் மட்டும். கையால் செய்வதைவிட ‘பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் எம்கேஸ்வாப்ஃபைல்’ என்ற துணைக் கட்டளை எல்லாவற்றையும் சரியாகச் செய்யும். அதன் கருவித் தொகுப்பு 6.1 அல்லது புதியதாக இருக்க வேண்டும். ஸ்வாப் கோப்புக்குத் தனி சப்வால்யூம் (பிடிஆர்எஃப்எஸ்ஸுக்குள் தனியாகக் கையாளப்படும் உட்பகுதி) ஒதுக்குங்கள். ஓடும் ஸ்வாப் கோப்பு உள்ள சப்வால்யூமை ஸ்னாப்ஷாட் எடுக்க முடியாது, தினசரி ஸ்னாப்ஷாட் திடீரென்று நின்றுபோனதற்கு இது ஒரு காரணம்.

அந்த ஒன்றரை நிமிடம்

துவங்கும்போது எஸ்க் விசை தட்டி லோகோவை விலக்கிப் பாருங்கள். ‘எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங் ஃபார்’ என்று தொடங்கி ஒரு நீண்ட எண் கோவையோடு 1 நிமிடம் 30 நொடி வரை எண்ணிக்கொண்டிருக்கும். அந்தக் கோவை உங்கள் பழைய ஸ்வாப் பார்ட்டிஷனின் யூயூஐடி, அதாவது அதன் அடையாள எண். பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்த கணத்தில் அதற்குப் புது யூயூஐடி வந்துவிட்டது. எஃப்எஸ்டேப் இன்னும் பழையதைத் தேடுகிறது. துவக்க வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி 90 நொடி காத்திருந்துவிட்டுக் கைவிடுகிறது. ஒரே டிஸ்க்கில் இரண்டாவது லினக்ஸ் நிறுவும்போதும் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் நிறுவும் நிரல், ஏற்கெனவே இருக்கிற ஸ்வாப் பார்ட்டிஷனைக் கேட்காமல் ஃபார்மேட் செய்துவிடும். பழைய லினக்ஸ் மறுநாள் முதல் நொண்டும்.

‘பிஎல்கேஐடி’ கட்டளை இப்போதைய யூயூஐடிகளைக் காட்டும். எஃப்எஸ்டேப்பில் பொருந்தாத ஸ்வாப் வரியைக் கண்டுபிடித்து முன்னால் ஒரு ஹேஷ் குறி போடுங்கள், அல்லது பார்ட்டிஷன் இன்னும் ஸ்வாப்தான் என்றால் புது எண்ணை எழுதுங்கள். ‘டிஃபால்ட்ஸ்’ இருக்கும் இடத்தில் ‘நோஃபெயில்’ சேர்த்தால், இனி அந்தப் பார்ட்டிஷன் காணாமல் போனாலும் துவக்கம் அதற்காக நிற்காது.

இதைச் செய்தும் அரை நிமிடம் போல மிச்சத் தாமதம் இருந்தால், டெபியன், உபுண்டு வகைகளில் இன்னொரு இடத்திலும் அந்த எண் ஒளிந்திருக்கிறது: ‘ஈடிசி’ அடைவுக்குள் ‘இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்’, அதற்குள் ‘கான்ஃப்.டி’, அதில் ‘ரெஸ்யூம்’ கோப்பு. ஹைபர்நேட்டிலிருந்து எழ எந்த ஸ்வாப்பைத் தேடுவது என்று அது சொல்கிறது. ஹைபர்நேட் பயன்படுத்தாவிட்டால் ‘ரெஸ்யூம்=நன்’ என்று மாற்றுங்கள் (‘ரெஸ்யூம்’ முழுவதும் பெரிய எழுத்தில்). பிறகு ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ’ ஓட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மாற்றம் துவக்கப் படிமத்துக்குள் போகாது.

நேர்மாறான புதிரும் உண்டு: எஃப்எஸ்டேப்பில் ஸ்வாப் வரி ஒன்றுகூட இல்லை, ஆனாலும் மறுதுவக்கத்துக்குப் பிறகு ஸ்வாப் பார்ட்டிஷன் உயிரோடு வந்து நிற்கிறது. ஜிபிடி (புதிய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை) டிஸ்க்கில் ஸ்வாப் வகை முத்திரை உள்ள பார்ட்டிஷனை சிஸ்டம்டி தானாகவே எடுத்துக்கொள்வதுதான் காரணம். பார்ட்டிஷன் வகையை மாற்றினால் நின்றுவிடும்.

உறைவதைத் தடுப்பது

இங்கேதான் உழைப்புக்குப் பலன் அதிகம். நினைவகம் தீர்ந்தால் ஏதாவது ஒரு நிரலைக் கொல்லும் வசதி கர்னலிலேயே உண்டு. ஆனால் அது கடைசிப் பக்கமும் கிடைக்காமல் போகும்வரை காத்திருக்கும். எறிவதற்கு இன்னும் ஏதோ கொஞ்சம் கிடைக்கிறது என்ற நிலையில் அது நிமிடக்கணக்கில் வாளாவிருக்கும். அந்த இடைவெளியைத்தான் நீங்கள் உறைவு என்கிறீர்கள். ‘ஜர்னல்சிடிஎல் -கே’ பதிவில் ‘அவுட் ஆஃப் மெமரி: கில்ட் பிராசஸ்’ என்ற வரி உறைந்த நேரத்தை ஒட்டி இருந்தால் நோய் உறுதி. பவர் பொத்தானை அழுத்தி அணைத்திருந்தால், ‘-பி -1’ சேர்த்து முந்தைய துவக்கத்தின் பதிவைப் பார்க்க வேண்டும்.

முதல் மருந்து, ஸ்வாப்புக்கு முன்னால் சுருக்கம். இரண்டு வழிகள், பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் குழப்புவார்கள். ஸெட்ரேம் என்பது ரேமுக்குள்ளேயே ஒரு சுருக்கப்பட்ட ஸ்வாப் டிஸ்க். ஃபெடோரா 33 முதல் அதைத் தானாகவே தருகிறது. ஸெட்ஸ்வாப் என்பது டிஸ்க்கில் உள்ள ஸ்வாப்புக்கு முன்னால் நிற்கும் சுருக்கப்பட்ட காத்திருப்பு அறை. அறை நிரம்பினால் வெகுநாள் தொடாத பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பும். உங்களிடம் எஸ்எஸ்டியில் ஸ்வாப் கோப்பு இருப்பதால் ஸெட்ஸ்வாப்தான் பொருத்தம் என்பது என் முடிவு. ஸெட்ரேமையும் டிஸ்க் ஸ்வாப்பையும் சேர்த்து வைத்தால் முதலில் வரும் பழைய, யாரும் தொடாத பக்கங்கள் வேகமான ஸெட்ரேமை அடைத்துக்கொள்ளும். பின்னால் வரும் சூடான பக்கங்கள் மெதுவான டிஸ்க்குக்குப் போகும். தலைகீழ் ஏற்பாடு. ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ளவர்களுக்கும் டிஸ்க் ஸ்வாப்பே வேண்டாம் என்பவர்களுக்கும் ஸெட்ரேம் நல்லது.

ஸெட்ஸ்வாப்பை இயக்க, ‘ஈடிசி’ அடைவின் ‘டிஃபால்ட்’ துணை அடைவில் ‘க்ரப்’ கோப்பைத் திறந்து, கர்னல் அளவுருக்கள் உள்ள வரியில் மேற்கோளுக்குள் ‘ஸெட்ஸ்வாப்.எனேபிள்ட்=1’ சேர்த்து, ‘அப்டேட்-க்ரப்’ ஓட்டி மறுதுவக்கம் செய்யுங்கள். இயல்பாக அது ரேமில் 20 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும், மாற்றத் தேவையில்லை. இயங்குகிறதா என்று ‘சிஸ்’, ‘மாட்யூல்’, ‘ஸெட்ஸ்வாப்’, ‘பராமீட்டர்ஸ்’ என்று இறங்கி ‘எனேபிள்ட்’ கோப்பைப் படித்தால் ஒய் என்று இருக்கும். ஸெட்ரேம் வைப்பவர்கள் இதே இடத்தில் என் என்று இருப்பதை உறுதி செய்யுங்கள். இரண்டும் சேர்ந்தால் ஸெட்ரேமுக்குப் போக வேண்டிய பக்கங்களை ஸெட்ஸ்வாப் வழியில் மறித்து வாங்கிக்கொள்ளும்.

இந்த இடத்தில் ‘ஸ்வாப்பினெஸ்’ பற்றி யாராவது சொல்வார்கள். 60 என்றால் ரேம் 40 சதவீதம் நிரம்பியதும் ஸ்வாப் தொடங்கும் என்ற விளக்கம் எங்கும் சுற்றுகிறது, அது தவறு. அந்த எண் எல்லை அல்ல, தராசு. இடம் தேவைப்படும்போது கோப்பு நகல்களை எறிவதா, நிரல் தரவை ஸ்வாப்புக்கு அனுப்புவதா என்பதில் எதற்கு எவ்வளவு செலவு என்று கர்னலுக்குச் சொல்வது. 5.8 கர்னல் முதல் 0 முதல் 200 வரை வைக்கலாம், 100 என்றால் இரண்டும் சமம். ஸெட்ரேம் மட்டும் உள்ள கணினியில் 180 வரை வைப்பதுண்டு, அங்கே ஸ்வாப்புக்கு அனுப்புவது, டிஸ்க்கிலிருந்து கோப்பைப் படிப்பதைவிட மலிவு என்பதால். ஹார்ட் டிஸ்க் ஸ்வாப்பில் 10 அல்லது 20. உங்களுக்கு 60-ஐ அப்படியே விடுங்கள். 0 வைத்தால் ஸ்வாப் அணைந்துவிடும் என்பதும் உண்மையல்ல, கடைசி நெருக்கடியில் அப்போதும் அனுப்பும்.

இரண்டாவது மருந்து, உறைவதற்கு முன்பே ஒரு நிரலை நிறுத்தும் காவலாள். உபுண்டு 22.04 முதல் டெஸ்க்டாப்பில் ‘சிஸ்டம்டி-ஊம்டி’ இயல்பாக இருக்கிறது. அது முன்னர் சொன்ன அழுத்த அளவைப் பார்த்து முடிவெடுக்கும். ஆனால் தனி பிராசஸை அல்ல, ஒரு குழுவை மொத்தமாகக் கொல்லும். பிரவுசர் எல்லா டேப்களோடும் சட்டென்று மறைந்தால் அதன் வேலையாக இருக்கலாம், ‘ஜர்னல்சிடிஎல் -யூ சிஸ்டம்டி-ஊம்டி’ காட்டிக்கொடுக்கும். ‘எர்லிஊம்’ எளிமையானது: கிடைக்கும் ரேமும் காலி ஸ்வாப்பும் இரண்டுமே 10 சதவீதத்துக்குக் கீழே போனால் மிகப் பெரிய பிராசஸுக்கு நாசூக்காக நிறுத்தச் சமிக்ஞை அனுப்பும், 5 சதவீதத்தில் வலுக்கட்டாயமாக நிறுத்தும். பிரவுசரில் பொதுவாக ஒரு டேப் மட்டும் போகும் என்பதால் வீட்டுக் கணினிக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் வையுங்கள். பிரவுசரின் அமைப்புகளில் பயன்படுத்தாத டேப்களைத் தூங்கவைக்கும் வசதியையும் இயக்கிவிடுங்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அது சில நேரம் அதிகம் மிச்சம் பிடிக்கும்.

இரண்டு மிச்சங்கள்

ஸ்வாப் கோப்பை அழித்து உருவாக்கியதால், ஹைபர்நேட் வைத்திருந்தால் அது இனி எழாது. கோப்பு டிஸ்க்கில் வேறு இடத்துக்குப் போயிருக்கும், கர்னல் அளவுருவில் உள்ள ‘ரெஸ்யூம்_ஆஃப்செட்’ எண் பழையது. ‘ஃபைல்ஃப்ராக் -வி’ காட்டும் பட்டியலில் 0 எண்ணுள்ள வரியில் ‘ஃபிஸிக்கல்_ஆஃப்செட்’ பத்தியின் முதல் எண்ணை எடுத்து மாற்றுங்கள். பிடிஆர்எஃப்எஸ்ஸில் இந்த எண் பொய் சொல்லும். அங்கே ‘பிடிஆர்எஃப்எஸ் இன்ஸ்பெக்ட்-இன்டர்னல் மேப்-ஸ்வாப்ஃபைல் -ஆர்’ பயன்படுத்த வேண்டும். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் துவங்க விடும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் பல விநியோகங்களின் கர்னல் ஹைபர்நேட்டையே தடுத்துவிடும், அப்போது எண்ணைத் திருத்திப் பயனில்லை.

இன்னொன்று: நிரல்கள் காரணமே இல்லாமல் அவ்வப்போது சரிந்து விழுந்தால், ‘டிமெஸ்ஜி’ பதிவில் ‘ரீட்-எர்ரர் ஆன் ஸ்வாப்-டிவைஸ்’ என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ஸ்வாப் இருக்கும் டிஸ்க்கில் அந்தப் பகுதி படிக்க முடியாமல் போயிருக்கிறது. உடனே ஸ்வாப்ஆஃப் செய்ய முயல வேண்டாம், அது பழுதான பகுதி உட்பட எல்லாவற்றையும் படிக்கப் போகும். திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு, முக்கியக் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சொல்லும் ‘ஸ்மார்ட்சிடிஎல் -ஏ’ அறிக்கையைப் பார்ப்பது அதற்குப் பிறகு.